சின்னக் கம்பஸில் பயோ சயன்ஸ் படித்து என்ன வரப்போகிறது?

வாசகர் கடிதம் (சுருக்கியது):

"வணக்கம் அம்மா. நான் இரண்டு தரம் ஏ.எல். எடுத்தேன். இரண்டாம் தரம் மெடிசினுக்கு இசட் புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. மாகாணத்தில் உள்ள ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் கிடைத்து வந்திருக்கிறேன். எங்கள் பட்ச்சில் நாற்பது பேர்கூட இல்லை. விரிவுரையாளர்களில் சிலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார்கள். நல்ல கருவிகள் பூட்டின அறைக்குள் இருக்கின்றன. பாடம் முழுக்க ஆங்கிலம். நான் தமிழில் படித்து வந்தவள். முதல் செமஸ்டர் ஜீ.பீ.ஏ. 2.4. ஹொஸ்டல் கிணற்றுத் தண்ணீர் உவர், தலை முழுகினால் மயிர் சடைக்கிறது. இரவில் நுளம்புக் கடியில் புத்தகம் திறக்க முடியவில்லை. சித்தப்பா மூன்றாம் தரம் எடு என்கிறார். ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்றால் 'கம்பஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவுகிறேன். இந்தப் பட்டத்தை முடித்து என்ன செய்வது? கொழும்பிலும் பேராதனையிலும் படிக்கிறவர்களோடு என்னால் நிற்க முடியுமா?"

பிள்ளை,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது ஒரு இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். அது மெடிசின் தவறிய இடம் அல்ல, கருவிகள் பூட்டிக் கிடக்கிற இடமும் அல்ல. எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் ஒரு கணக்குப் பார்ப்போம். அது அவசரம்.

நாலு வருடச் சிறப்புப் பட்டம் என்றால் வழமையாக 120 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). ஒரு செமஸ்டருக்கு 15 என்று வையுங்கள். உங்களுக்கு 2.4 வந்தது வெறும் 15 புள்ளிகளில். மிச்சம் 105 கிடக்கிறது. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும், இனி எடுக்கிற எல்லாப் பாடத்திலும் சராசரியாக 3.43 எடுத்தால் அது வரும். பீ பிளஸுக்குக் கொஞ்சம் மேல். முதலாம் வகுப்பின் 3.70 கூட இன்னும் கணக்குக்கு வெளியே போகவில்லை. அதற்கு 3.89 வேண்டும், பெரும் பாடு, ஆனால் இலக்கம் இடம் கொடுக்கிறது. இரண்டாம் செமஸ்டரையும் இதே 2.4 உடன் முடித்தீர்கள் என்றால்? மிச்சமுள்ள 90 புள்ளிகளிலும் ஏ மட்டுமே எடுத்தாலும் முதலாம் வகுப்பு வராது. 4.0 தான் உச்சம், உங்களுக்கோ 4.13 தேவைப்படும். மேற்பிரிவுக்கே 3.6 வேண்டியிருக்கும். உங்கள் பீடத்தில் எந்த வருடத்துக்கு எவ்வளவு நிறை என்று மாணவர் கைநூலில் பாருங்கள், இலக்கம் கொஞ்சம் மாறலாம். ஆனால் முதல் வருடம் எண்ணப்படாது என்று எந்தச் சீனியர் சொன்னாலும் நம்பவேண்டாம். சிறப்புப் பட்டத்துக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும்போது முதல் வருடங்களின் பெறுபேறுகளைத்தான் மேசையில் விரித்து வைக்கிறார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மெடிசின் தவறிய பிள்ளைகள் பலர் கம்பஸின் முதல் வருடத்தைத் துக்கம் காப்பதிலேயே செலவழிப்பதைக் கண்டிருக்கிறேன். நானும் அப்படித்தான். முதல் ஆறு மாதம் விரிவுரைக்குப் போய்ப் பின் வாங்கில் இருந்து, எனக்குக் கிடைக்காத வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அது போர்க்காலம். மின்சாரம் இல்லை, இரவுப் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். விலங்கியல் செய்முறைக்கு, அடியில் கண்ணாடி வைத்த பழைய நுணுக்குக்காட்டிகளை ஜன்னலோரம் வரிசையாக வைப்போம். நாலு பேருக்கு ஒன்று. வெயில் சாய்ந்தால் செய்முறை முடிந்தது. ஒருநாள் எனது முறை வந்தபோது முகில் மூடிவிட்டது. காத்திருந்து காத்திருந்து, வெளிச்சம் திரும்பி வந்த அரை நிமிடத்தில் ஒரு நுளம்புக் குடம்பியின், அதாவது தண்ணீரில் வாழும் புழுப் பருவத்தின், சுவாசக் குழாயைப் பார்த்தேன். அந்த அரை நிமிடம் என்னை இருபத்தாறு வருடம் பூச்சியியலாளராக வைத்திருந்து, போன வருடம்தான் ஓய்வு தந்தது.

இதைச் சொல்வது 'நாங்கள் பட்ட கஷ்டத்தோடு பார்த்தால் உங்களுடையது என்ன' என்று சொல்ல அல்ல. அந்தக் கதை எனக்கும் பிடிக்காது. நான் இழந்த ஆறு மாதம் எனது இறுதிப் பெறுபேற்றில் இன்றும் தழும்பாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

சித்தப்பா சொல்கிற மூன்றாம் தரம் பற்றி. உங்கள் கடிதத்தில் நோயாளி என்ற சொல்லே இல்லை. ஊர், வெட்கம், சித்தப்பா, எல்லாம் இருக்கிறது. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கத்தான் மனம் கேட்கிறதா, அல்லது பெயருக்கு முன்னால் டொக்டர் வேண்டுமா என்று ஒரு இரவு உங்களையே கேளுங்கள். முதலாவது என்றால் எடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் எடுப்பது என்றால் எடுப்பது, விடுவது என்றால் விடுவது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்த பிள்ளைகளுக்கு இரண்டும் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர் திரும்ப எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு விதி இருக்கிறது. அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கைநூலில் எழுத்துக்கு எழுத்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள். சித்தப்பாவுக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இனி ஆங்கிலம். உங்கள் 2.4 இல் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது என் ஊகம். ஏ.எல். இல் நீங்கள் படித்த உயிரியல் ஒன்றும் குறைந்த உயிரியல் அல்ல. இங்கே வந்ததும் அதே சாமானுக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். விரிவுரையாளர் 'ஒஸ்மோசிஸ்' என்கிறார். நீங்கள் திகைக்கிறீர்கள். அது பிரசாரணம், உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்த அதே பிரசாரணம்.

ஒரு சங்கதி கவனித்தீர்களா? எங்கள் பாடப்புத்தகத் தமிழை ஆக்கியவர்கள் கிரேக்கச் சொல்லை உடைத்துப் பார்த்து ஆக்கியிருக்கிறார்கள். 'மைட்டோகொண்ட்ரியன்' என்பதில் மைட்டோஸ் என்றால் இழை, கொண்ட்ரியன் என்றால் சிறுமணி. தமிழில் இழைமணி. 'குரோமோசோம்' என்பதில் குரோமா நிறம், சோமா உடல். தமிழில் நிறமூர்த்தம். 'மியோசிஸ்' என்றால் குறைதல்; நாங்கள் ஒடுக்கற்பிரிவு என்று படித்தோம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இரண்டாம் வருடத்தில் ஒரு பழைய அகராதியைப் புரட்டும்போது தற்செயலாகக் கண்டேன். அன்றிலிருந்து ஆங்கிலச் சொல் பாரமாகத் தெரியவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் படித்து வந்த பிள்ளைக்கு மைட்டோகொண்ட்ரியன் வெறும் ஒலி. உங்களுக்கு அது இழையும் மணியும். ஒரு கொப்பி போட்டு, கேட்கிற ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்லை எழுதி வாருங்கள். ஒரு செமஸ்டரில் நானூறு, ஐந்நூறு சொல் சேரும். அதற்குமேல் சொற்கள் திரும்பத் திரும்பத்தான் வரும்.

குப்பி அடிக்கும்போது, அதாவது கூடியிருந்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, தமிழில் விளங்கப்படுத்துங்கள். விளக்குவதற்குத் தாய்மொழி போல் ஒன்று இல்லை. ஆனால் விடை எழுதிப் பழகுவது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கவேண்டும். ஒரு வசனத்தில் ஒரு விடயம், எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் அலங்காரம் தேடுவதில்லை. பெயரிட்ட படம் ஒன்று வடிவாகக் கீறினால் ஒரு பந்தி ஆங்கிலம் மிச்சம். ஏ.எல். பயோ பிள்ளைகளுக்குப் படம் கீறச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். குறைகளை மழுப்பப்போவதில்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. ஒருவர் வெளிநாடு போனால் அவருடைய பாடத்தை இன்னொருவர் சேர்த்துச் சுமக்கிறார், அந்தப் பாடம் கொஞ்சம் மெலியத்தான் செய்யும். வெளியிலிருந்து பெரிய விஞ்ஞானிகள் வந்து பேசுவது குறைவு. நேர்முகப் பரீட்சையில் பல்கலைக்கழகப் பெயரைக் கேட்டதும் ஒரு கணம் முகம் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். கருவி விடயமும் தெரியும். ஒரு இடத்தில் மரபணுப் பெருக்கம் செய்கிற பி.சி.ஆர். இயந்திரம் பொலித்தீன் உறை கழற்றாமல் மூன்று வருடம் இருந்ததைக் கண்ணால் கண்டவள் நான். இயந்திரம் வாங்கக் காசு வந்தது, அதற்குள் விடுகிற இரசாயனத்துக்குக் காசு வரவில்லை.

ஆனால் பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடப் பிள்ளை வந்து 'கருவி காட்டுங்கோ' என்றால் யாரும் திறக்கமாட்டார்கள், உடைந்தால் பொறுப்பு அவர்களுடையது. 'சேர், இந்தத் தண்ணீரின் உப்பை அளக்க வேண்டும், உவர்ப்புமானியை அரை மணித்தியாலம் தருவீர்களா' என்று கேள்வியோடு போனால் பெரும்பாலும் திறப்பார்கள். திறப்பு யாரிடம் இருக்கிறது தெரியுமா? பேராசிரியரிடம் அல்ல. ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம். அவர் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள். செய்முறை முடிந்ததும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். இரண்டு மாதத்தில் அவரே கூப்பிட்டுக் காட்டுவார். நூற்றைம்பது பேர் நிற்கிற பெரிய ஆய்வுகூடத்தில் இது நடக்காது. நாற்பது பேர்கூட இல்லாத பட்ச் என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். விரிவுரையாளருக்கு உங்கள் பெயரும் தெரியும், நீங்கள் எந்தக் கேள்வியில் தடுக்கினீர்கள் என்பதும் தெரியும். நாலாம் வருடத்தில் வெளிநாட்டுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது பெறுபேற்றுத் தாளைப் பார்த்து எழுதுகிற கடிதத்துக்கும் ஆளைத் தெரிந்து எழுதுகிற கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போது விளங்கும்.

இப்போது சிவப்பு வட்டம். "ஹொஸ்டல் கிணற்றுத் தண்ணீர் உவர். இரவில் நுளம்புக் கடி."

இதை நீங்கள் முறைப்பாடாக எழுதினீர்கள். நான் வேலையாக வாசித்தேன்.

நான் படித்த காலத்துப் புத்தகங்களில் டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்றிருந்தது. நாடு முழுக்க டெங்கு ஒழிப்பும் அந்த நம்பிக்கையில்தான் நடந்தது: பூச்சாடித் தட்டு, ரயர், சிரட்டை, கூரைப் பீலி. உவர்த் தண்ணீரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2011 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த விலங்கியல்காரர்கள் கரையோரங்களில் பாவிக்காத கிணறுகள், கைவிட்ட மீன்பிடி வள்ளங்கள், எறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள் என்று தேடி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரத்தில் 2 தொடக்கம் 15 பங்கு வரை உப்புள்ள தண்ணீரில் ஈடிஸ் இஜிப்டியும் ஈடிஸ் அல்போபிக்டசும் குடம்பிகளாக இருந்தன. அந்த இனங்கள் உவர்த் தண்ணீரிலேயே வளர்ந்து இறக்கை முளைத்துப் பறக்கவும் கூடியவை என்பதையும் காட்டினார்கள். கடல் தண்ணீர் ஏறக்குறைய 35. அதோடு பார்த்தால் 15 எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பிலொஸ் நெக்லெக்டட் ட்ரொப்பிகல் டிசீசஸ் என்ற, யாரும் காசில்லாமல் திறந்து வாசிக்கக்கூடிய சர்வதேச ஆய்விதழில் வந்தது. அதற்கு முதல் வருடம், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் கிழக்குக் கரையில் உவர்த் தண்ணீரில் பெருகுவதையும் ஏறக்குறைய இதே ஆட்கள் எழுதியிருந்தார்கள்.

அந்த ஆய்வின் அடிப்படை வேலைக்கு என்ன தேவைப்பட்டிருக்கும்? தண்ணீர் மொள்ள ஒரு அகப்பை, உப்பை அளக்க ஒரு உவர்ப்புமானி, குடம்பியை இனங்காண ஒரு நுணுக்குக்காட்டி, வெயிலில் திரிய ஆட்கள். மற்றவர்கள் பார்க்காத இடத்தைப் பார்க்கத் தோன்றியதுதான் பெரிய கருவி. அது தோன்றுவதற்கு உவர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் வாழவேண்டும். கொழும்பிலோ பேராதனை மலையிலோ இருக்கிறவருக்கு வாளியை இறக்கினால் உவர்த் தண்ணீர் வராது.

இலங்கையின் உயிரினங்களைப் பற்றிய எழுத்தில் பெரும்பங்கு தென்மேற்கின் ஈரக் காட்டைப் பற்றியது. நியாயம்தான், அங்கேதான் வேறெங்கும் இல்லாத இனங்கள் குவிந்திருக்கின்றன. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் முப்பது வருடம் யாரும் வலையோடும் கொப்பியோடும் காட்டுக்குள், களப்புக்குள் திரிய முடியவில்லை. அந்த முப்பது வருடக் கடன் இன்னும் கிடக்கிறது. மன்னாரில் வங்காலைக் கரை 2010 இல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகப் பதிவானது. வலசை வரும் பூநாரைகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், ஆனால் ஒரே இடத்தில் ஒவ்வொரு கிழமையும் நின்று எண்ணுவதற்கு அங்கே வாழ்கிற ஆள்தான் வேண்டும். பனையை எடுங்கள். வடலியாக நிற்கும்போது அது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது, பாளை தள்ளும்வரை பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதை முன்கூட்டிச் சொல்ல வழி தேடுவதும் ஒரு ஆய்வுதான். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் இன்னொன்று. 1848 இல் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இரவில் வள்ளத்தில் போய், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தாற்போன்ற ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். மீனவர்கள் அவருக்குக் கொண்டுவந்து காட்டியது மீனை அல்ல, ஓட்டுக்குள் வாழும் நத்தை இனமான ஊரியை. மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் ஊரில் நடக்கிறது. ஆண் தேரை மீன்கள் காற்றுப்பையை அதிரவைத்துக் குரல் எழுப்பும் என்பது உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. எனக்கு மீன் கட்சியில்தான் சாய்வு. ஆனால் என் சாய்வு ஆதாரம் ஆகாது. தண்ணீருக்குள் ஒலி பதிகிற கருவியோடு ஒரு பிள்ளை இறங்கினால்தான் ஆகும். (இதை எழுதினால் எப்போதும் ஊரிக் கட்சிக்காரரிடமிருந்து எனக்குக் கடிதம் வரும். வரட்டும்.)

வேலை பற்றிக் கேட்டீர்கள். இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. பட்டம் முடிந்த அடுத்த மாதம் நியமனக் கடிதம் வராது. உயிரியல் முடித்தவர்களில் நிறையப் பேர் ஆசிரியர்களாகிறார்கள். அது தோற்றவர்களின் வேலை என்று நினைக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு இழைமணி சொல்லித் தந்தவரை நினைத்துப் பாருங்கள். சிலர் மருந்துக் கம்பனிகளின் பிரதிநிதிகளாகிறார்கள். காசு வரும், உயிரியல் கையைவிட்டுப் போகும். உணவுத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வுகூடங்கள் நுண்ணுயிரியல் தெரிந்தவரைத் தேடுகின்றன. அரசில் சுகாதாரத் திணைக்களப் பூச்சியியல் பிரிவு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, வனசீவராசிகள் திணைக்களம், நாரா என்று நாங்கள் சொல்கிற நீர்வள ஆராய்ச்சி நிறுவனம், நக்டா என்கிற நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை, இவற்றில் இடங்கள் எப்போதாவது திறக்கும், திறக்கும்போது விலங்கியலோ தாவரவியலோ சிறப்புப் பட்டம் உள்ளவர் முன்னால் நிற்பார். வடக்கில் இப்போது கடலட்டைப் பண்ணை ஒரு பெரிய வாக்குவாதம். சிறு மீனவர் ஒரு பக்கம், பண்ணைக்காரர் ஒரு பக்கம். அடைப்புக்குள்ளும் வெளியிலும் கடற்புல்லுக்கு என்ன நடக்கிறது என்று அளந்து சொல்ல, இரு பக்கமும் நம்பக்கூடிய உள்ளூர் உயிரியலாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நுளம்புக்கும் வேலை தீரவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கினோம். அதே வருடக் கடைசியில் மன்னார்க் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற நுளம்பு. இலங்கையில் அதற்கு முதல் பதிவானதே இல்லை. கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிற ஆட்கள் இருந்தபடியால் அகப்பட்டது.

மேற்படிப்பு என்றால், பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில், அமெரிக்காவில் முக்கியமாக, கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் நீங்கள் காசு கட்டுவதில்லை, கற்பிப்புக்கோ ஆய்வுக்கோ உதவியாளராக வைத்து அவர்கள்தான் தருகிறார்கள். அங்கே விண்ணப்பத்தை வாசிக்கிற பேராசிரியருக்கு இலங்கையின் பெரிய கம்பஸ் எது, சின்னக் கம்பஸ் எது என்று பெரிதாகத் தெரியாது. 'நீ எதைக் கண்டுபிடித்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய்' என்பதுதான் அவருடைய கேள்வி.

உள்ளூரிலும் அதுதான். நேர்முகக் குழுக்களில் பல தரம் இருந்திருக்கிறேன். ஒரு தரம், பெரிய இடத்தில் படித்த மூன்று பேருக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்தாள். பெறுபேறு நடுத்தரம், ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி. ஆனால் கையில் ஒரு கொப்பி. தன் ஊர்க் குளத்தில் இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு நாள் எடுத்த அளவுகள்: தண்ணீர் மட்டம், வெப்பநிலை, வலையில் பட்ட மீன் இனங்கள். ஒரு மாதம் காய்ச்சலில் போகவில்லை என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாள், இட்டு நிரப்பவில்லை. குழுவில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கொப்பியை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வேலை அவளுக்குத்தான்.

சரி, உங்கள் கிணறு. இரவில் கடிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸாக இருக்கும். ஈடிஸ் காலையிலும் மாலை சாயும் நேரத்திலும் கடிக்கிறது. ஆனால் ஊகம் வேண்டாம், பாருங்கள். வார்டனிடம் சொல்லி அனுமதி எடுங்கள். கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாள், ஒரே நேரம். வெள்ளை வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டிச் சத்தமில்லாமல் கிணற்று ஓரமாகச் சரித்து மொள்ளுங்கள், நடுவில் அல்ல. நிழல் பட்டால் குடம்பிகள் கீழே போய்விடும், ஒரு நிமிடம் பொறுத்தால் திரும்ப மேலே வரும். தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ். தலைகீழாகத் தொங்கி, சுவாசக் குழாய் நீளமாக இருந்தால் கியூலெக்ஸ், கட்டையாக இருந்தால் ஈடிஸ் என்று தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வாளி மொண்டு ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எழுதுங்கள். ஒன்றும் அகப்படாத வாளிக்குப் பூச்சியம் என்று எழுதவேண்டும், வெறுமையாக விடக்கூடாது. ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுபோய் அந்தப் பூட்டின அறையின் உவர்ப்புமானியில் பாருங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று உப்பு எப்படி மாறுகிறது, அதோடு குடம்பி எப்படி மாறுகிறது என்பது ஒரு வருடத்தில் உங்கள் கொப்பியில் தெரியும். நாலாம் வருட ஆய்வுத் திட்டத்துக்கு அப்போது தலைப்புத் தேடித் திரிய வேண்டியிருக்காது.

எண்ணி முடிந்த குடம்பிகளைத் திரும்பக் கிணற்றில் ஊற்றாதீர்கள், காய்ந்த மணலில் கொட்டுங்கள். ஈடிஸ் கண்டால் அன்றைக்கே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) சொல்லுங்கள், ஆய்வு பிறகு. இன்னொன்று, பாழ்கிணற்றுக் கட்டில் தனியே ஏறி எட்டிப்பார்க்க வேண்டாம். பட்ச்சில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் எழுதலாம். முதல் நாலு கிழமை இலக்கங்கள் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள். குடம்பியின் படமும் எடுத்தால் வால் பக்கம் தெரிகிறமாதிரி எடுங்கள்.